அவர் தலையாட்டி வாங்கிய யூ.பி.எஸ்.

ஐப்பசி 9, புதன்கிழமை

இன்னும் எனக்கு ஆறவில்லை. வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள் நான். கரண்ட் போனால் வேலை பாதியில் அழிந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்க இன்று ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் போனேன். பெட்டி கனமாக இருக்கும் என்று வீட்டுக்காரரும் கூட வந்தார். வந்தவர் பெட்டியை மட்டும் தூக்கியிருக்கலாம்.

“பெரிய மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் இருக்குங்க. ஆயிரம் வி.ஏ.வாவது வேணும்” என்று கடைக்காரரிடம் சொன்னது நான். அந்த ஆள் பதில் சொன்னது இவருக்கு.

“வீட்டு யூஸ்தானே சார்? மேடம் மெயில் பாக்க அறுநூறே தாராளம்.”

மெயிலாம்! நான் மறுபடி வாயைத் திறப்பதற்குள் இவர் தலையாட்டிவிட்டார். என் கம்ப்யூட்டரை ஆன் செய்யக்கூடத் தெரியாத தலை அது. “சாரே சரின்னுட்டாரு” என்று பில்லும் போட்டாயிற்று.

சாயங்காலம் மழையில் கரண்ட் போனது. புது யூ.பி.எஸ். ஒரு முறை அலறிவிட்டு அணைந்தது. மத்தியானம் முழுக்க உட்கார்ந்து போட்ட முசிறிக்காரர் வீட்டு மாடிப்படி அதோடு போயிற்று.

“நாளைக்கு நான் போய்ப் பேசி மாத்திட்டு வரேன், விடு” என்றார் இவர், தோசையைப் பிட்டுக்கொண்டே. பேசுவாராம்!

இப்போது குறட்டை கேட்கிறது. எழுந்து போய் அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையிலேயே வருகிறது.