அம்மா போட்டியில்தான் இருக்கிறாள்

அன்புள்ள குண்டூசிக்கு,

போன வியாழக்கிழமை காலை ஏழு மணி பதினெட்டு நிமிஷத்துக்குச் செய்தி வந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால், நீ எப்படி இருக்கிறாய், இருமல் விட்டதா? என்னைப் பற்றி நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் பரீட்சையை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய், அதனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று மட்டும் வைத்துக்கொள். போனில் பேசினால் 'சாப்டியா', 'சாப்டேன்பா, நீங்க?' என்று முடிந்துபோய், பிறகு ரெண்டு பேரும் ஒருத்தர் மூச்சை ஒருத்தர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறோம், அதனால்தான் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் தட்டி அனுப்புகிறேன்.

செய்தி இதுதான். அம்மா கடைசியாக நடித்த படத்தில் கார் ஓட்டக் கற்றுத் தருகிற டீச்சராக வருகிறாளே, அதற்காகச் சிறந்த நகைச்சுவை நடிகைப் பட்டியலில் ஐந்து பேரில் ஒருத்தியாக அவள் பெயர் வந்திருக்கிறது. எட்டாவது தடவை. டிவி தொடருக்கு நாலு, சினிமாவுக்கு இதோடு நாலு. விருதுக் குழுச் செயலாளர்தான் கூப்பிட்டார், வாழ்த்துச் சொல்வதா அனுதாபம் சொல்வதா என்று தெரியாமல் ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னார் பாவம், நானும் ரெண்டுக்கும் சேர்த்து ஒரு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. துடைத்தேன்.

முந்தின ஏழு தடவையில் ஒரே ஒரு தடவைதான் ஜெயித்தாள், நீ அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாய், உனக்குத் தெரிய நியாயமில்லை. ஒவ்வொரு தடவையும் விழாவுக்கு முந்தின நாள் கண்ணாடி முன்னால் நின்று தோத்த மூஞ்சி பழகுவாள். அதில் மூன்று வகை வைத்திருந்தாள்: பெருந்தன்மை, கொஞ்சம் தலைவலியோடு பெருந்தன்மை, அப்புறம் 'அவளுக்கு ஓட்டுப் போட்டதே நான்தான்'. எது நன்றாக இருக்கிறது என்று என்னைக் கேட்பாள். நகைச்சுவை எதுவானாலும் என்னிடம் சோதித்துப் பார்ப்பதுதான் அவள் வழக்கம், தொழிற்சாலையில் பிரஷர் மீட்டர் சரிபார்க்கிறவனிடம் இதைக் கேட்கலாமா என்றால், 'நீ சிரிக்கவே மாட்டடா, உன் மூஞ்சில முள்ளு லேசா ஆடிச்சுன்னா தியேட்டர்ல கூரை பறக்கும்' என்பாள். இப்படித் தோற்றுத் தோற்றுப் பழகியதில், நிஜமாக ஜெயித்த வருஷம் மேடையில் அவள் பெயரைச் சொன்னதும் எழுந்து பலமாகக் கைதட்டிக்கொண்டே யார் ஜெயித்தது என்று பின்னால் திரும்பித் தேடினாள். விருது வாங்கிய படத்தை மறந்தவர்கள்கூட அந்தக் கைதட்டலை மறக்கவில்லை.

அன்றைக்கே பதினோரு மணி வாக்கில் செயலாளர் மறுபடியும் கூப்பிட்டார். குழுவில் கூடிப் பேசினார்களாம், அம்மாவுக்கு நினைவுச் சிறப்பு விருது ஒன்று தரலாம் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்களாம், ஆனால் ஒருத்தருக்கு ரெண்டும் தர விதியில்லை, நான் சம்மதித்தால் போட்டிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டு இதைக் கொடுத்துவிடுவார்களாம். 'போட்டின்னா நிச்சயமில்ல சார், இது நிச்சயம்' என்றார். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், எதுவானாலும் விழாவில் போட்டுக் காட்ட ரெண்டு நிமிஷக் காட்சி ஒன்றையும் நானே பொறுக்கித் தர வேண்டும். உன் மாமாவுக்கு இது எப்படியோ தெரிந்து வீட்டுக்கே வந்துவிட்டார். 'கைக்கு எட்டினது வாய்க்கு எட்டட்டும் மாப்ளே, என் தங்கச்சிக்கு இனிமே இன்னொரு வருஷம் ஏது' என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. சரி என்று சொல்லிவிடத்தான் இருந்தேன். எனக்கு அன்றைக்கு எதுவும் சரியாகவும் படவில்லை, தப்பாகவும் படவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையில் என் மேஜைக் கம்ப்யூட்டரில் படத்தைப் போட்டேன், காட்சி பொறுக்குவதற்காக, நான்கு மாதத்தில் அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்கிறேன். அதில் ஒரு இடம். டீச்சர் பக்கத்தில் கற்றுக்கொள்ள வந்த ஆள் காரை ஓட்டப் பார்க்கிறான், கார் அசையவே இல்லை, ஏனென்றால் இவள் தன் பக்கத்துப் பிரேக்கைப் பயத்தில் ரெண்டு காலாலும் மிதித்துக்கொண்டிருக்கிறாள். 'வண்டி நகரலயே மேடம்' என்கிறான். 'நகராத வண்டி எங்கயும் இடிக்காது' என்கிறாள். அப்புறம் அரை மூச்சு விட்டு, 'முதல் பாடம் முடிஞ்சுது, இறங்கு.' எனக்குப் பின்னால் வெல்டரும் ஸ்டோர் பார்க்கிற அம்மாவும் வந்து நின்றது எனக்குத் தெரியாது. வெல்டர் டீ மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரித்து, என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்து, 'உங்க வீட்டம்மா கொல்றாங்க சார்' என்று சொல்லிவிட்டு அப்படியே கல்லாகிவிட்டார். ஸ்டோர் அம்மா அவரைக் கிள்ளினார். நான்கு மாதமாக நான் வந்தால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் குண்டூசி, லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடுகிறது, என் பக்கத்தில் நின்று ஒருத்தர் வாய்விட்டுச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். 'நிறுத்தாதீங்க, திரும்பப் போடறேன்' என்று சொன்னேன். மூன்று தடவை போட்டேன், மூன்றாவது தடவை பெயிண்ட் பிரிவிலிருந்துகூட ஆள் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது நன்றாகத் தெரிந்தது. வேலை பார்க்கிறவளை எதற்குப் போட்டியிலிருந்து எடுத்து மாலை போட்டு ஓரமாக உட்கார வைப்பது? காட்சியும் அதுதான் என்று முடிவாகிவிட்டது. செயலாளரைக் கூப்பிட்டு, ரொம்ப நன்றி, அஞ்சு பேரில் ஒருத்தியாகவே இருக்கட்டும் என்றேன். 'தோத்துட்டா உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே சார்' என்றார். அவளுக்குப் பழக்கம் சார் என்றேன். அவர் பக்கென்று சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

உன்னைக் கேட்காமல் முடிவெடுத்ததற்குக் கோபம் இருந்தால் தாராளமாகத் திட்டு. மாமா இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை, 'நிச்சயமா கிடைக்கிறத வேணாம்னு சொன்ன முதல் இன்ஜினியர் நீதான்' என்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை யார் வந்தார்கள் தெரியுமா, அம்மா 'என் சக்களத்தி' என்று செல்லமாகச் சொல்வாளே, அவளை மூன்று தடவை தோற்கடித்த அந்த நடிகை, பட்டியலில் இந்தத் தடவையும் இருக்கிறார். உள்ளே வந்ததும் சமையலறையைப் பார்த்துவிட்டு, 'இது என்ன கிச்சனா, மியூசியமா' என்று என்னைத் திட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவிப்போட்டார். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே, 'அவ பேர எடுத்துட்டு எனக்குக் குடுத்திருந்தா அத நான் எங்க கொண்டுபோய் வைப்பேன், அவ என்னைத் தோக்கடிக்கட்டும், இல்ல என்கிட்ட தோக்கட்டும், மாலை போட ஊரே இருக்கு, மல்லுக்கு நிக்க நான் ஒருத்திதான் இருக்கேன்' என்றார். எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஈரக் கையோடு என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

விழாவில் அம்மாவுக்கு ஒதுக்கிய நாற்காலியில் நான் உட்காரப்போவதில்லை. கேமரா என் முகத்தைத் தேடி வந்து அழுகிறேனா என்று பார்க்கும், நகைச்சுவைக்கான விருதில் இந்த முகத்தை வைத்து அவள் வேலையை நான் கெடுக்க மாட்டேன். மேக்கப் அக்காவைப் போகச் சொல்லியிருக்கிறேன். ஏழு விழாவுக்கும் அம்மாவுக்கு அலங்காரம் பண்ணிவிட்டு வெளியே வராந்தாவிலேயே நின்றவர், அரங்கத்துக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லையாம். மூன்று நாள் காய்ச்சலில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடைசி வரைக்கும் தலை வாரிவிட்டவரும் அவர்தான். இவர்களுக்கெல்லாம் நான் என்ன கைமாறு செய்யப்போகிறேன் என்று தெரியவில்லை, நீயாவது அக்காவுக்கு ஒரு வரி எழுதிப் போடு.

ராத்திரி முழுக்க விழித்துப் படிக்காதே, காலில் சாக்ஸ் போட்டுக்கொள், அறைத் தோழியிடம் சண்டை என்றால் நீயே முதலில் போய்ப் பேசு, அம்மாவின் வாய் உனக்கு இருக்கிறது, அதை நல்லதுக்கு வை. எங்கே இருந்தாலும் உன்னைச் சுற்றி நல்ல மனுஷர்கள் இருக்கட்டும், உன் அம்மாவுக்கு இருந்த மாதிரி.

இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு விழா. ஜெயித்தால் ஊரே கூப்பிடும், தோற்றால் 'அனுதாபத்துக்காவது குடுத்திருக்கலாம்' என்று ஊரே கூப்பிடும். நான்கு மாதமாக அம்மாவைப் பற்றி எனக்கு வருவதெல்லாம் முடிந்துபோன விஷயம்தான். அவள் விஷயத்தில் அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருப்பது இன்றைக்குத்தான், அந்தத் தெரியாமையைக் காலை வரைக்கும் வைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. உனக்கு அங்கே முன்னாலேயே தெரிந்துவிட்டாலும் சொல்லிவிடாதே, விடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். இதை அனுப்பப் போகிறேன், போனை இப்போதே அணைத்துவிட்டேன்.

என்றும் உன் நன்மையை நினைக்கும்
அப்பா