ஏழு பக்க நீச்சல்

பிப்ரவரி 4, திங்கள்

என்னைக் குழுவில் போட்டுவிட்டார்கள். தலைமையாசிரியர் அக்பெகோ மூன்றாம் பாடவேளையில் வகுப்பு வாசலில் வந்து நின்று கடிதத்தை நீட்டினார். ஏதோ எனக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர் மாதிரி ஒரு முகம். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு எதையெல்லாம் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று ஒவ்வொரு மாவட்டமும் தலைநகர் அக்ராவுக்கு எழுதி அனுப்ப வேண்டுமாம். எங்கள் மாவட்டத்துக்கு ஏழு பேர் குழு.

"பொம்பளையும் வேணும்னாங்க, சயின்ஸும் வேணும்னாங்க. ரெண்டும் ஒரே ஆளா கிடைச்சா ஒரு நாற்காலி மிச்சம்தானே, மேடம்" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

சாக்பீஸ் கேட்டு ஜனவரியில் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இது மட்டும் மூன்று முத்திரையோடு வந்திருக்கிறது.

பிப்ரவரி 13, புதன்

முதல் கூட்டம். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் அமெனுவோர்தான் தலைவர். வெள்ளை அங்கி, தங்க நிறப் பேனா. ஜெபம் இருபது நிமிடம். அறிமுகம் நாற்பது நிமிடம். அதற்குள் பாதிப் பேருக்குப் பசி வந்துவிட்டது.

பிறகு ஒவ்வொருவரும் தன் கடையைத் திறந்தார்கள். பாஸ்டருக்கு ஒழுக்கம் வேண்டும். செல்போன் கடைக்காரருக்கு வியாபாரம் வேண்டும். ஊர்த் தலைவர் வீட்டுப் பிரதிநிதிக்கு, பெரியவர்கள் முன்னால் எப்படி உட்காருவது என்று வாரம் இரண்டு பாடவேளை. அமெனுவோருக்குத் தேசபக்தி. நாட்டுப்பண்ணின் மூன்று சரணங்களும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக வேண்டுமாம். மூன்றாம் சரணம் எப்படி ஆரம்பிக்கும் சார் என்று கேட்டேன். பேனாவை மூடினார், திறந்தார். நேரமாகிறது, அடுத்தவர் பேசலாம் என்றார்.

அடுத்தவள் நான். நீச்சல் என்றேன்.

சிரித்தார்கள். அடக்கமுடியாமல் சிரித்தார்கள். அமெனுவோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏரிக்கரைப் பிள்ளைங்க மேடம் அதுங்க. அம்மா வயித்துக்குள்ளயே நீஞ்சி முடிச்சிட்டுத்தான் வெளிய வருதுங்க."

எசினாமைப் பற்றிச் சொன்னேன். தீவுக் குடியிருப்பிலிருந்து தோணியில் பள்ளிக்கு வந்த பெண், பதின்மூன்று வயது. நவம்பரில் காற்றுக்குத் தோணி கவிழ்ந்தது, எங்கள் படகுத்துறையிலிருந்து நாற்பது தப்படி தூரத்தில். கூட வந்த மூன்று பையன்களும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவள் ஏறவில்லை. மிதத்தல் விதி பற்றி நான் வைத்த தேர்வில் இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருந்தாள்.

சிரிப்பு நின்றது. எவ்வளவு நேரம்? தேநீர் வரும்வரை.

பிப்ரவரி 15, வெள்ளி

கூட்டக் குறிப்பின் நகல் வந்தது. நான் பேசியது ஒரே வரியில்: "உறுப்பினர் ஒருவர் விளையாட்டு குறித்துக் கருத்துத் தெரிவித்தார்."

விளையாட்டாம்.

பிப்ரவரி 27, புதன்

இரண்டாம் கூட்டம். பட்டியல் இருபத்து மூன்றாகிவிட்டது. தேனீ வளர்ப்பு, சாலை விதிகள், கைகழுவுதல், பெற்றோருக்கு நன்றி சொல்லுதல், முகவுரை எழுதுதல். முகவுரை எதற்கு? யாரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொன்ன நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பிள்ளை இதையெல்லாம் படித்து முடித்துப் பள்ளியை விட்டு வெளியே வரும்போது அதற்கு முப்பத்தொரு வயது ஆகியிருக்கும். வாய்விட்டும் சொன்னேன். பாஸ்டர், கல்விக்கு முடிவே இல்லை மேடம் என்றார், ரொம்பச் சாந்தமாக.

மக்கள் கருத்தும் கேட்டதாக அறிக்கையில் வர வேண்டுமாம். அதனால் சனிக்கிழமையன்று எல்லோரும் தீவுக்குப் போகிறோம். புகைப்படமும் எடுக்கவேண்டும்.

மார்ச் 10, ஞாயிறு

போன சனிக்கிழமை காற்று சரியில்லை என்று தள்ளிப்போட்டார்கள். நேற்றுப் போனோம்.

ஒரு தோணி, ஏழு உறுப்பினர்கள், தோணிக்காரர். உயிர்காப்பு உடுப்பு ஒன்றே ஒன்று, வெளுத்த ஆரஞ்சு நிறம். தலைவர் என்ற முறையில் அமெனுவோருக்குக் கொடுத்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. பலகை ஈரமாக இருந்தது, அங்கி வெள்ளை, அதனால் அதை மடித்துப் போட்டு மேலே உட்கார்ந்துகொண்டார்.

பாதி வழியில் காற்று. தண்ணீருக்குள் நிற்கும் பட்டமரங்களில் ஒன்று அடியில் இடித்தது. பாஸ்டர் எழுந்து நின்றார். நிற்கலாமா? தோணியில் யாராவது எழுந்து நிற்பார்களா? அவ்வளவுதான், எல்லோரும் தண்ணீரில்.

இதை இங்கேயாவது எழுதுகிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. பதினோரு வருஷமா போர்டுல மிதத்தல் விதி எழுதறேன். அம்புக்குறி போட்டு, மேல்நோக்கு விசை, கீழ்நோக்கு விசை. கூட்டத்துல நீச்சல் நீச்சல்னு மத்தவங்களப் பாத்துக் கத்தினவ. கல்லு மாதிரி போனேன். பச்சையா இருந்துச்சு, அப்புறம் பழுப்பு, அப்புறம் என் பாவாடையே என் மூஞ்சில.

யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். காதுக்குள் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல்: "உதைக்காதீங்க. மல்லாந்துக்கோங்க. என் மேல சாயுங்க."

சாய்ந்தேன்.

பக்கத்தில் வலையெடுத்துக்கொண்டிருந்த தோணிகள்தான் எல்லோரையும் கரை சேர்த்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அமெனுவோரைப் பட்டமரத்தைக் கட்டிப்பிடித்த நிலையில் கண்டெடுத்தார்கள். யாரும் போட்டுக்கொள்ளாத அந்த உடுப்பு மட்டும் நல்லபடியாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

என்னை இழுத்தவள் டாவி ஜென்யோ. டாவி என்றால் அக்கா, தீவில் எல்லோருக்கும் அவள் அக்கா. எசினாமின் அம்மா. அடக்கத்தன்று கைகொடுத்துவிட்டு வந்தவள்தான் நான், அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அவள் தன் துணியை எனக்குச் சுற்றிவிட்டு, சூடாக மக்காச்சோளக் கூழ் கொடுத்துவிட்டு, என் பாவாடையைப் பிழிந்தாள்.

"உங்களுக்கு நீஞ்சத் தெரியாதா மேடம்?"

தெரியாது என்றேன்.

அவள் பிழிந்து முடித்தாள். உதறினாள். பிறகுதான் பேசினாள்.

"நான் முழுகிப் போயி, மரத்துல சிக்கின வலையெல்லாம் எடுக்கறவ. ஆம்பளப் பசங்க அப்பன் கூடப் போயி தானா கத்துக்கறானுங்க. இவள மட்டும் நான் தண்ணியிலயே எறக்கல. படிக்கிற புள்ள, நம்ம பொழப்பு இவளுக்கு எதுக்குன்னு விட்டுட்டேன். வேண்டியதெல்லாம் ஸ்கூல்ல நீங்க சொல்லிக்குடுப்பீங்கன்னு நெனச்சேன்."

அவள் குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

ஏரிக்கரைப் புள்ளைங்க, வீட்ல கத்துக்கிட்டிருப்பாங்கன்னுதான் நவம்பர் வரைக்கும் நானும் நெனச்சேன். அமெனுவோர் சிரிச்சாரே, அதே நெனப்பு. அவளிடம் சொல்லவில்லை. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்றது?

மார்ச் 20, புதன்

மூன்றாம் கூட்டம். அமெனுவோரின் வாயில் ஏரிக்கு ஆழம் கூடிவிட்டது, அலை தென்னை உயரம். குழு 'நேரடிக் கள ஆய்வு' நடத்தியதாக அறிக்கையில் வருகிறது. நீச்சல் ஒருமனதாக முதலிடம்! கையைத் தட்டினார்கள். நானும் தட்டினேன். பத்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.

பதினோராவது நிமிடம், எப்படிக் கற்பிப்பது என்ற பேச்சு வந்தது. புத்தகத்தில் ஏழு பக்கம், தேர்வில் பத்து மதிப்பெண். மாதிரிக் கேள்வியும் தயார்: நீச்சலின் ஐந்து நன்மைகளை எழுதுக. பாடத்தை நானே எழுத வேண்டும், மாதக் கடைசிக்குள்.

தண்ணீர் எங்கே சார் என்றேன்.

"தண்ணியில எறக்கி ஒண்ணு ஆயிட்டா பொறுப்பு யாரு? நீங்க புத்தகத்துல எறக்குங்க மேடம்" என்றார் அமெனுவோர்.

மார்ச் 29, வெள்ளி

'தண்ணீரில் இறங்கவும்' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை என்று தெரிந்தது. கிழித்தேன்.

மார்ச் 31, ஞாயிறு

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏழு பக்கம். நீச்சலின் வரலாறு, வகைகள், நன்மைகள், படம் ஒன்று. ஒரு பிழைகூட இல்லை. அமெனுவோர் போன் பண்ணி, படித்ததும் தனக்கே நீந்தத் தெரிந்துவிட்டதுபோல் இருக்கிறது என்றார்.

தூ.

ஏப்ரல் 3, புதன்

சனிக்கிழமைகளில் பெண் பிள்ளைகளைச் சந்தைத் துறைப் பக்கம் ஆழமில்லாத இடத்துக்கு அழைத்துப் போகலாமா என்று அக்பெகோவிடம் கேட்டேன். அவருக்கு வியர்த்துவிட்டது. அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்றார். அவர் எதற்கும் எழுதிக் கேட்பவர். வீட்டில் குழம்புக்கு உப்பு போடலாமா என்றும் எழுதித்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

சாக்பீஸுக்கு மூன்று மாதமாகப் பதில் வரவில்லை. இதற்கு ஒன்பதே நாளில் ஒரு சுற்றறிக்கையே வந்துவிட்டது. "நீச்சல் பாடநூல் அச்சாகி வரும்வரை எந்த ஆசிரியரும் நீர்நிலைகளில் மாணவர்களுக்கு நீச்சல் கற்பிக்கக் கூடாது."

நீச்சலைக் கட்டாயமாக்கிய அதே கையெழுத்து, அதே தங்கப் பேனா.

நாலு தடவை படித்தேன். நாலாவது தடவைதான் கண்ணில் பட்டது. ஆசிரியர் கற்பிக்கக் கூடாது. சரி. ஆசிரியர் கற்றுக்கொள்ளக் கூடாது என்று எங்கே இருக்கிறது?

ஏப்ரல் 13, சனி

டாவி ஜென்யோ சனிக்கிழமை தோறும் எங்கள் சந்தைக்கு மீன் கொண்டுவருவாள். காலையிலேயே போய் அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கு நீச்சல் கத்துக்குடுங்க டாவி."

"யாருக்கு?"

"எனக்குத்தான். நான் கத்துக்கறத யாராச்சும் வேடிக்கை பாக்க வந்தா, நான் என்ன பண்ண முடியும்?"

அவள் ஒரு மீனைத் திருப்பிப் போட்டாள். ஈயை ஓட்டினாள். "வேடிக்கை பாக்க வர்றவங்க மாத்துத் துணி எடுத்துட்டு வரட்டும்" என்றாள்.

ஏப்ரல் 27, சனி

ஆறு பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். நன்றாகவே பார்த்தார்கள். முட்டிக்கால் தண்ணீரில் முகத்தை வை என்றால் எனக்கு மூச்சடைக்கிறது. மூக்கில், காதில், வயிற்றில் எல்லாம் ஏரி. தீவுக்காரி செலிகெம், ஒன்பதாம் வகுப்பு, வாய்த்துடுக்கு, கரையிலிருந்து கேட்டாள்: "மேடம், ஏரியக் குடிச்சே காலி பண்ணிட்டு அப்புறமா நடந்து போயிடலாம்னு பாக்கறீங்களா?"

வகுப்பில் கேட்டிருந்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். நீ இறங்கிக் காட்டேன் என்றேன். இறங்கினாள். முகத்தை வைத்தவள் என்னைவிட வேகமாக எழுந்தாள். அதன் பிறகு கரையில் யாரும் மிச்சமில்லை.

மே 4, சனி

ஒரு தாய் விளக்குமாற்றோடு வந்தாள். வயசுக்கு வந்த பெண்ணை ஊர் பார்க்கத் தண்ணீரில் இறக்குகிறீர்களா என்று துறை முழுக்கக் கேட்கக் கத்தினாள். நான் வாயைத் திறப்பதற்குள் டாவி தண்ணீரிலிருந்து ஏறி அவளிடம் போனாள். என்ன சொன்னாள் என்று தெரியாது, மெதுவாகத்தான் பேசினாள். அந்தத் தாய் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு, மகளின் துணியை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை கரையில் உட்கார்ந்திருந்தாள்.

மே 11, சனி

பதினொன்று எண்ணும்வரை மிதந்தேன். எண்ணியது செலிகெம். வேகமாக எண்ணினாள் என்று சந்தேகம்.

மே 22, புதன்

பாஸ்டர் புகார் கொடுத்திருக்கிறார். பெண் பிள்ளைகளின் ஒழுக்கம் நனைகிறதாம். தோணியில் எழுந்து நின்ற மனிதர்.

அக்பெகோ கூப்பிட்டு விசாரித்தார். நான் யாருக்கும் கற்பிக்கவில்லை சார், கற்றுக்கொள்கிறேன் என்றேன். சுற்றறிக்கையை எடுத்து வரிவரியாகப் படித்தார். "இதுல உங்களப் பத்தி ஒண்ணும் இல்லதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி: "அங்க தண்ணி எவ்ளோ ஆழம்?"

உங்கள் இடுப்பளவு என்றேன். அவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கவில்லை, விசாரித்துவிட்டேன்.

ஜூன் 8, சனி

பதினேழு பெண்கள். டாவி இப்போது அவர்களை உடையோடு, செருப்போடு, எதிர்பாராமல் தள்ளிவிடுகிறாள். என்னையும்தான். துறையிலிருந்து பட்டமரம் வரை போய்த் திரும்பினேன். அழகாக அல்ல. நாய் நீந்துவதுபோல். என் புத்தகத்தின் 'வகைகள்' பகுதியில் இந்த வகை இல்லை.

ஜூன் 19, புதன்

காலை மணி அடிக்கும் நேரத்தில் வடக்கே கருத்துக்கொண்டு காற்று வந்தது. தீவுத் தோணி வந்துகொண்டிருப்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அப்புறம் தோணியின் அடிப்பக்கம் தெரிந்தது.

ஓடினேன். பின்னால் அக்பெகோ ஓடிவந்தார், ஒரு காலில் மட்டும் ஷூ. நாங்கள் துறைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பையன் ஏறிவிட்டான். பிறகு இரண்டு பெண்கள். செலிகெம் மல்லாந்து வந்துகொண்டிருந்தாள், ஆறாம் வகுப்புச் சின்னவள் ஒருத்தியைத் தன் மேல் சாய்த்துக்கொண்டு. நான் கழுத்தளவுக்குப் போய் வாங்கிக்கொண்டேன். ஒன்பது பேர். எண்ணினேன். மறுபடி எண்ணினேன். மூன்றாவது தடவை எண்ணும்போது, "ஒன்பதுதான் மேடம், நாங்க ஒன்பதுதான் ஏறினோம்" என்றாள் செலிகெம்.

பதினொரு மணிக்கு வகுப்புகள் நடந்தன. ஒன்பது பேரும் உட்கார்ந்த இடத்தில் எல்லாம் குளம். அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்திருந்தது, நீச்சல் பாடநூல், நாற்பது பிரதி. அப்படியே மூலையில் வைக்கச் சொன்னேன்.

பெஞ்சு ஊறிப் போகிறது, மரம் உப்பிவிடும், இதற்கு யார் பதில் சொல்வது என்று அக்பெகோ வராந்தாவில் மாலைவரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். இன்னும் ஒற்றை ஷூவோடுதான்.