வள்ளியின் சொற்கள்

1956, ஐப்பசி 14. பொன்னமராவதி.

நம் சமஸ்தானம் இந்தியாவோடு சேராமல் தனி நாடாகவே நின்றிருந்தால் என்று ஒரு நாவல் எழுதி வருகிறேன். அந்த நாட்டுக்கென்று ஒரு பாஷையும் உண்டாக்கியிருக்கிறேன். இன்று சாயங்காலம் முதன்முறையாக அந்தச் சொற்களை மீனாட்சிக்கு வாசித்துக் காட்டினேன். தண்ணீருக்கு 'புமா'. நிலாவுக்கு 'லாமி'. தூக்கிக்கொள் என்பதற்கு 'ஏபு'.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"ஏங்க, இதெல்லாம் நம்ம வள்ளி பேச்சுல்ல?"

இல்லை, நானே யோசித்தவை என்றேன்.

"அம்மை கண்டு கெடந்தப்ப, ஒங்களப் பாத்து ஏபு, ஏபுன்னு கையை நீட்டுனாளே."

நீட்டினாள். இரண்டு வயசுக் குழந்தை. எனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து நான் தூக்கவில்லை. அவள் போய் ஆறு வருஷமாகிறது. நான் தூக்காததை மீனாட்சி இதுவரை சொல்லிக்காட்டியதில்லை. இன்றும் சொல்லவில்லை. வேறொன்று கேட்டாள்.

"அந்த நாட்டுல அவ இருக்காளா?"

"இருக்கா. எட்டு வயசு" என்றேன்.

பொய். நாவலில் இதுவரை ஒரு குழந்தைகூட இல்லை.

மீனாட்சி சுளகைக் கீழே வைத்தாள். முகம் என்னவோ போலிருந்தது.

"பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?" என்றாள்.