குதிரையைக் கும்பிட்டவன்

பெங்களூரு

அன்புள்ள அம்மாவுக்கு, தினகரன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தறிக்குழியில் இறங்கும்போது அப்பா கையைப் பிடித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை, நான் பராமரிக்கும் பெண் குட்டி முதன்முதலாகப் பந்தயத்தில் ஓடியது. ஓடியே பார்க்காத குதிரையை எதை வைத்துக் கணிப்பது? பணம் கட்டுகிறவர்கள் அதன் நடையையும், கயிறு பிடித்துக் கூட்டிவரும் எங்கள் முகத்தையும்தான் பார்ப்பார்கள். அது தலையை நிமிர்த்தி நின்றதும் நம்மூர்க் குதிரை வாகனம்தான் ஞாபகம் வந்தது. என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். உள்விஷயம் தெரிந்துதான் கும்பிடுகிறான் என்று ஆளாளுக்கு அதன் மேலேயே கட்டிவிட்டார்கள். அதுவோ கடைசிக்கு முந்தின இடத்தில் வந்தது! நான் கட்டவில்லை, பயப்படாதே.

பயிற்சியாளர் ஆற்காட்டுக்காரர். முதலில் கத்தினார், அப்புறம் சிரித்துவிட்டார். "இனிமே ஒரு கைல கயித்தைப் புடி, இன்னொரு கைய பாக்கெட்ல வெச்சிக்கினு நடப்பா" என்றார்.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது, கொஞ்சம் அனுப்பு. பங்குனி உற்சவத்துக்கு லீவு கிடைக்காது. குட்டிக்குத் தீனி வைக்க நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.

குதிரை வாகனம் நம் தெருவுக்கு வரும்போது எனக்கும் சேர்த்து நீயே கன்னத்தில் போட்டுக்கொள் அம்மா. இங்கே என் கை பாக்கெட்டில் இருக்கும்.

தினகரன்