வேன் அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் இருவரும் சுகம். உங்கள் வீட்டுச் சுகத்தை நான் தனியாக விசாரிக்க வேண்டியதில்லை. என் மகள் போனில் முதலில் உங்கள் வீட்டுச் செய்திகளைத்தான் வாசிக்கிறாள். உங்கள் சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டது, உங்கள் வீட்டுக்காரர் மீசையை எடுத்துவிட்டு இப்போது வருத்தப்படுகிறார், எல்லாம் தெரியும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் பக்கத்தில் அவள் இருப்பாள். தவிர, பாதிப் பேச்சிலேயே எனக்குக் குரல் மாறிவிடும். தையல் மெஷின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைத் துணி மலைபோல் கிடக்கிறது. இன்று எதையும் தொடவில்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். பிறகு எழுதப்போவதைப் படித்துவிட்டு இந்த நன்றி பொய் என்று நினைக்கக் கூடாது. இதுவும் உண்மை, அதுவும் உண்மை.

இந்த வருடச் சைக்கிள் பந்தயங்கள் தொடங்கியபோது நீங்கள் யாரென்றே எனக்குத் தெரியாது. முதல் பந்தயத்தில் மூன்றாவதாக வந்ததாகச் சொல்லிப் போட்டோ அனுப்பினாள். அவளுக்குப் பின்னால் ஒரு வேன். அதன் கதவைப் பிடித்தபடி நீங்கள், தலையில் தொப்பி, முகம் கொள்ளாத சிரிப்பு. இது யாரடி என்று கேட்டேன். "எங்க மெக்கானிக்கோட வீட்டுக்காரம்மா. நாங்க ஓட்டும்போது பின்னாடியே வேன்ல வருவாங்க. டயர் போச்சுன்னா உடனே மாத்து சக்கரம் குடுப்பாங்க. வேன் அம்மான்னுதான் கூப்பிடுவோம்" என்றாள். வேடிக்கையான பெயர் என்று நானும் சிரித்தேன். அடுத்த பந்தயத்தில் ஜெயித்தே விட்டாள். அந்தப் போட்டோவில் அவள் தலை உங்கள் தோளில் சாய்ந்திருந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு கோப்பையத் தூக்கிட்டு நிக்கிறா, நீ யாரைப் பாத்துட்டு இருக்கே?" என்றார்.

பிறகு அந்த மலைப் பந்தயம். ஈரமான இறக்கத்தில் முன்னால் போன பெண்ணின் சக்கரத்தில் இவள் சக்கரம் உரசி, ரோட்டில் தூக்கி எறியப்பட்டாள். அவளை முதலில் தொட்டது நீங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனது நீங்கள். என் மகளின் போனில் என்னைக் கூப்பிட்டதும் நீங்கள். திரையில் அவள் பெயரைப் பார்த்துச் சந்தோஷமாக எடுத்தேன். "அக்கா, பயப்படாதீங்க, காறை எலும்புதான் ஒடிஞ்சிருக்கு, தலையில ஒண்ணுமில்ல" என்று ஒரு முன்பின் தெரியாத குரல். நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும். தெருவே கேட்க அலறினேன். நீங்கள் போனை அவளிடம் கொடுத்தீர்கள். எலும்பு ஒடிந்து படுத்திருந்த பிள்ளை, "அழாதம்மா, எனக்கு ஒண்ணுமில்லம்மா, ப்ளீஸ் அழாதம்மா" என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

பிளேட் வைத்துத் தைத்து அனுப்பியதும் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று அவளுடைய அறையைக் கழுவி வைத்திருந்தேன். காலேஜில் பரீட்சை இருக்கிறது, உடற்பயிற்சி சொல்லித்தரும் டாக்டர் அங்கேதான் இருக்கிறார், விடுதி மாடிப்படி ஏற முடியாது, அதனால் உங்கள் வீட்டில் இருக்கிறேன் என்றாள். எல்லாம் நியாயமான காரணங்கள். ஒன்றையாவது நான் மறுத்துப் பேச முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! ஒருநாள் போனில், "இன்னிக்கு அம்மா சூப் வெச்சுக் குடுத்தாங்க" என்றாள். எந்த அம்மா என்று கேட்டேன். "வேன் அம்மாதான்" என்றாள். பாதிப் பெயரை அவள் எப்போது விட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகுதான் நான் கிளம்பி வந்தேன். நீங்கள் என்னை நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள். ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் குறை. அவள் கையைத் தூக்காமல் போட்டுக்கொள்ளத் தோளில் ஜிப் வைத்து மூன்று சட்டைகள் தைத்து எடுத்து வந்திருந்தேன். அவள் போட்டிருந்ததோ உங்கள் வீட்டுக்காரரின் பழைய சட்டை. தோளை வெட்டி நீங்கள் அழுத்துப் பட்டன் வைத்திருந்தீர்கள். கோணல் தையல், சகோதரி. தொழில்காரி என்பதால் சொல்கிறேன், படுகோணல். என் சட்டைகளைத் தடவிப் பார்த்து, "சூப்பரா இருக்கும்மா" என்று மடித்துப் பைக்குள் வைத்தாள்.

அந்தச் சுவரும் அப்படித்தான். விரல்களைச் சுவரில் நண்டு போல மேலே மேலே ஏற்றிப் பழக வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். விரல் எட்டிய இடத்தில் ஒவ்வொரு நாளும் நீங்கள் பென்சிலால் கோடு போட்டிருந்தீர்கள். இடுப்புயரத்தில் தொடங்கித் தலைக்கு மேலே போயிருந்தது. என் பிள்ளை வளர்ந்த கோடுகள் இன்னொருத்தி வீட்டுச் சுவரில். நீங்கள் கடைக்குப் போயிருந்தபோது அதை அழித்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி கை துறுதுறுத்தது. அழிக்கவில்லை.

நான் ஒருநாள் முன்னதாகவே கிளம்பியது தையல் வேலைக்காக இல்லை. அன்று சாயங்காலம் அவளுக்குத் தலை துவட்டத் துண்டு எடுத்துக்கொண்டு உங்கள் ஷெட் பக்கம் வந்தேன். நீங்கள் வேன் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள். அவள் பக்கத்தில் குந்தியிருந்தாள். "கை சரியாயிடுச்சு வேன் அம்மா. ஆனா இறக்கம் வந்தாலே விரல் தானா பிரேக்கைப் புடிக்குது. அந்தச் சத்தம் காதுல கேக்குது. இனிமே என்னால ஓட்ட முடியாதோன்னு இருக்கு" என்று சொல்லி அழுதாள். உதடு கோணி, மூக்கு ஒழுகி, சின்னப் பிள்ளையில் அழுத மாதிரியே. அன்று காலையில்தான் என்னிடம், "பயமா? எனக்கா? போம்மா" என்று சிரித்திருந்தாள்.

நான் துண்டோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். சூப்பை நீங்கள் கொடுங்கள், சட்டையை நீங்கள் தையுங்கள், அதெல்லாம் போகட்டும். அந்த அழுகை என்னுடையது இல்லையா? அதை எப்படி உங்களிடம் கொடுத்தாள்? வயிறு எரிந்தது. ஊருக்கு வந்த பிறகும் எரிந்தது. இவர் சாப்பிடும்போது, "உனக்கு அந்தம்மா மேல பொறாமை" என்றார். தட்டைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டேன். பாவம், பாதிச் சாப்பாடு.

டாக்டர் பந்தயத்திலும் ஓட்டலாம் என்று சொன்னதும், இந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்கு என்னிடம் சம்மதம் கேட்டுக் கூப்பிட்டீர்கள். "நீங்க வேணாம்னா வேணாம் அக்கா, நான் அவகிட்ட பேசிக்கிறேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. வேண்டாம் என்றால் பழி எனக்கு, பரிவு உங்களுக்கு. போகட்டும் என்று சொன்னதற்கு அதுதான் காரணம். பெருந்தன்மை என்று நீங்கள் நினைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

பந்தயத்தன்று காலையிலிருந்து ஒரு பட்டன்கூடத் தைக்க முடியவில்லை. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். இறக்கத்தில் எல்லோரும் அவளைத் தாண்டிப் போனார்களாம். சமதளத்தில் சிலரை எட்டிப் பிடித்தாளாம். கடைசி வரிசையில்தான் வந்தாள், ஆனால் இறங்காமல் முழுதும் ஓட்டி முடித்தாள். "செம ஜாலியா இருந்துச்சும்மா" என்றாள். மூக்கு அடைத்த குரல். நான் பெற்றவள், அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? வேனுக்குள் உட்கார்ந்து உங்களிடம் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு, எனக்காகச் சிரிக்க வந்திருந்தாள்.

அடுத்த வாரம் விடுமுறைக்கு இங்கே வருகிறாள். இரண்டு மாதம் இருப்பாள். அந்தப் பயம் அவளை விட்டுப் போயிருக்காது, அதையும் தூக்கிக்கொண்டுதான் வருவாள். என் எதிரில் அதை ஒளித்து வைத்துக்கொண்டு நாள் முழுதும் சிரித்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அன்று ஷெட்டில் அவள் அழுதபோது நீங்கள் வாயே திறக்கவில்லை. கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. நானாக இருந்தால் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, அழாதே என்று சொல்லி, அவளுக்கு முன்னால் நான் அழுதிருப்பேன். நீங்கள் எப்படிச் சும்மா இருந்தீர்கள்? மனசுக்குள் என்ன சொல்லிக்கொண்டீர்கள்? கையை எங்கே வைத்துக்கொள்வது? எவ்வளவு நேரம் பேசாமல் இருக்க வேண்டும்? சிரிக்காமல் எழுதுங்கள். அவள் இங்கே வந்து சேர்வதற்குள் எனக்குக் கிடைக்கும்படி அனுப்புங்கள். அவளுக்குத் தெரிய வேண்டாம்.

உங்கள் பையன்கள் இருவரும் ஒரு காயமும் படாமல் வளரட்டும். அவர்களுக்கு அழ வேண்டும்போல் இருந்தால் உங்களிடமே அழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சகோதரி,
அவளைப் பெற்றவள்