எழுந்து நிற்காத நாற்பது நத்தைகள்

22 ஏப்ரல் 1946, திங்கள்
தொட்டால் கை பொரிகிற கல்லின்மேல், மிளகளவு நத்தை உச்சி வெயிலில் எப்படி உயிரோடு இருக்கிறது? எனக்குத் தெரியாது. பார்த்தது இவ்வளவுதான்: உடம்பை உள்ளே இழுத்து மூடியைச் சாத்திக்கொள்கிறது. ஓட்டின் விளிம்பை மட்டும் உலர்ந்த சளியால் கல்லில் ஒட்டிவிட்டு எழுந்து நிற்கிறது. சூட்டை முடிந்த மட்டும் தொடாமலிருக்கத்தானா?
துறைமுகக் கற்களில் நாற்பது நத்தைகளுக்கு வெள்ளைப் பெயின்டால் பொட்டு வைத்தேன். நாற்பதும் நின்றன.

27 ஏப்ரல்
சென்னையில் எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் பர்னபாஸிடமிருந்து, நத்தைக் கட்டுரை பற்றி நான் எழுதியதற்குப் பதில். வெயிலில் அதிக நேரம் நின்றது நத்தையா, நீயா என்று கேட்டிருக்கிறார். மே 3 அன்று, நாசரேத்தில் ஒரு திருமணத்துக்குப் போகும் வழியில், இங்கே இறங்குவாராம். பொட்டு வைத்தவை நிற்பதைக் கண்ணால் கண்டால் என் கட்டுரையைச் சென்னைக்கு எடுத்துப்போவார். இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக்கு மண்புழு போதுமாம்.
இருபத்தைந்து வருடமாக மண்புழுதான் அறுக்கிறேன், ஐயா.

29 ஏப்ரல், திங்கள்
ஒன்றுகூட நிற்கவில்லை! நாற்பதும் ஊர்ந்து மேய்கின்றன. ஒரு முழம் தள்ளி, பொட்டில்லாதவை ஒழுங்காக நிற்கின்றன. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பிவிடுகிறதோ? அதுதான். மூன்று பக்கம் எழுதினேன்.

1 மே
பொட்டையெல்லாம் கறுப்பாக்கினேன். கறுப்பும் மேய்கிறது. மூன்று பக்கமும் அடுப்புக்கு.

2 மே
வழக்கமான பன்னிரண்டு மணிக்குப் பதில் பதினொன்றுக்கே போனேன். திங்கட்கிழமை அன்று கற்களுக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பந்தல் திறந்த பிச்சையா அண்ணாச்சி, செம்பும் கையுமாக, என் நத்தைகள்மேல் கடல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.
கேட்டேன்.
"சித்திரை வெயில்லா, டீச்சரம்மா. ஊருக்கே மோர் குடுக்கேன். நீங்க பொட்டு வச்சு வளக்கதுக்கு ஒரு வாய் தண்ணி ஊத்தக் கூடாதா?"
கல்லில் ஈரத்தை நானும் பார்த்தேன்தான். அலை தெறித்தது என்று நினைத்துவிட்டேன். நான் எம்.ஏ.
நாளைக்கு மட்டும் ஊற்ற வேண்டாம் என்று கெஞ்சினேன். நத்தைகளுக்கு விரதமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

3 மே, வெள்ளி
நடந்தது இது. பேராசிரியர் குடையோடு வந்தார். நாற்பதும் மேய்ந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்கவில்லை.
"பெரியவுக பாக்க வாராக. அதுக வாடியா கெடக்கணும்? கொஞ்சந்தான் ஊத்துனேன்."
வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன், இரண்டு பெயின்டையும் சேர்த்து. பேராசிரியர் லென்ஸோடு முழங்காலிட்டார். அதே வேகத்தில் எழுந்தார். குடையை மடித்துக் கல்லில் போட்டு, அதன்மேல் மறுபடி முழங்காலிட்டார். நனைந்த பக்கம், காய்ந்த பக்கம் என்று மாறி மாறி நெடுநேரம் பார்த்தார். ஒரே கல், ஒரே வெயில். தண்ணீர் கிடைத்தவை மேய்ந்தன, கிடைக்காதவை நின்றன.
"எத்தனை நாளா ஊத்துறீங்க?"
"அஞ்சு நாளா. ஒரு நாளு விடலை, ஐயா."
பேராசிரியர் என் கட்டுரையை வாங்கிப் பைக்குள் வைத்தார். பிறகு அதை மறுபடி வெளியே எடுத்து, முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலை வைத்தபடி, அண்ணாச்சியின் இனிஷியல் என்ன என்று என்னிடம் கேட்டார்.