மூன்றாவது சிலிண்டர்

கம்பம், 9 அக்டோபர் 1944

விடிந்ததிலிருந்து மழை. டிரைவர் செல்லப்பாண்டி லாரியை ஸ்டார்ட் செய்தபோதே சத்தம் சரியில்லை. எஞ்சினில் நாலு அடிக்கு ஒரு அடி விழவில்லை. அடுப்படிக்கே கேட்டது. வெளியே வந்து சொன்னேன். குளிருக்கு அப்படித்தான் இருக்கும் அக்கா, சூடேறினால் சரியாகிவிடும் என்று தேங்காய் லோடோடு தேனிக்குப் போய்விட்டான்.

அவக பட்டாளத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் வண்டியைத் தெருவைத் தாண்ட விட்டிருக்க மாட்டாக.

12 அக்டோபர்

சரியாகவில்லை. சமதரையில் ஓடுகிறது, மேட்டில் மூச்சு வாங்குகிறது. ஏலக்காய் எடுக்கக் குமுளிக்குப் போன வண்டி, வெறும் வண்டிதான், மலைப்பாதையில் ரெண்டாவது வளைவுக்கு மேல் ஏறவில்லை. செல்லப்பாண்டி பின்னாலேயே உருட்டி லோயர் கேம்ப்புக்கு இறக்கியிருக்கிறான். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தான். பொறி விடும் பாயிண்டைத் தேய்த்தான். பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருப்பார்கள் என்கிறான். ரேஷன் பெட்ரோல், யாரிடம் போய்க் கேட்பது?

சண்டைக்கு வேண்டுமென்று போடி லைன் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனபின், இந்தப் பக்கத்துச் சரக்கெல்லாம் லாரியை நம்பித்தான். நம்முடைய சின்ன லாரி நின்றால் இன்னொருத்தர் லாரி வரும். ஏலக்காய்க்காரர் அதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

14 அக்டோபர்

தெருக்கோடி வீட்டிலிருந்து அவக அண்ணன் கருத்தக்கண்ணன் வந்தார். வண்டி அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. தேவதானப்பட்டியில் ஒருவர் வாங்கத் தயாராக இருக்கிறாராம், 23-ம் தேதி வந்து பார்ப்பாராம். எஞ்சின் செத்துவிட்டது, வந்த விலைக்குத் தள்ளிவிடலாம் என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். செருப்பைப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது. போய்விட்டாரென்று நினைத்தேன்.

"தை பிறந்ததும் தம்பிக்குச் செய்ய வேண்டியதையும் செஞ்சுருவோம் ஆத்தா."

செய்ய வேண்டியது!

சிங்கப்பூர் விழுந்த மாசியிலிருந்து ஒரு தகவலும் இல்லை, வாஸ்தவம்தான். பட்டாளத்து ஆபீசில் காணவில்லை என்கிறார்கள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. காணலைன்னா செத்துட்டாகன்னு அர்த்தமா? எந்தத் தேதிக்குக் கருமாதி செய்வாக? யாரைப் பாத்து அழுவாக?

15 அக்டோபர்

குளித்தேன். குங்குமம் வைத்துக்கொண்டேன். எழுத வேறொன்றும் இல்லை.

17 அக்டோபர்

நானே பார்க்கிறேன் என்று செல்லப்பாண்டியிடம் சொன்னேன். சிரிப்பானென்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பாருங்கக்கா, எனக்கு ஓட்டத்தான் தெரியும்" என்றான்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? கல்யாணமான புதிதில் அவகளுக்குக் கூடமாட ஆளில்லை. எஞ்சினில் கோளாறு வந்தால் நான்தான் முன்னால் நின்று எஞ்சினைத் திருப்பும் ஹேண்டிலைச் சுற்றுவேன். அவக குனிந்து காது கொடுத்துக் கேட்பாக. "மெதுவா சுத்து கஸ்தூரி, இன்னும் மெதுவா." பட்டாளத்தில் வண்டி ரிப்பேர் வேலைக்கு எடுத்தபோது, இனி யாரு ஹேண்டில் சுத்துவான்னு கேட்டாக. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாக.

வேலைக்கு வருகிறேன். எஞ்சின் ஓடும்போது மரப்பிடி போட்ட திருப்புளியை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்து, நுனியை இரும்பில் தொடவைத்தேன். தீப்பொறி பிளக்குக்குப் போகாமல் இரும்பில் இறங்கிவிடும். முதல் சிலிண்டரில் வைத்தால் எஞ்சின் துவள்கிறது. ரெண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் வைத்தேன், ஒரு மாற்றமும் இல்லை. நாலாவதில் திரும்பவும் துவண்டது. அப்படியானால் மூன்றாவது ஏற்கெனவே வேலை செய்யவில்லை. அது இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று.

மூன்றாவது பிளக்கை முதலாவதுக்கு மாற்றினோம். குறை அதோடு போகவில்லை, மூன்றிலேயே நின்றது. வயரையும் மாற்றினோம். அப்போதும் மூன்றுதான். பொறி நீலமாக, நன்றாகவே அடிக்கிறது. பெட்ரோல் கெட்டிருந்தால் நாலுமல்லவா திணற வேண்டும்?

வெளியே குற்றமில்லை. உள்ளேதான்.

18 அக்டோபர்

இன்று ஹேண்டிலை நானே சுற்றினேன். மூன்று முறை இறுகித் தடுக்கிறது. நாலாவது முறை பொத்தென்று விழுகிறது. மூன்றாவது சிலிண்டரில் காற்று நிற்கவில்லை. எஞ்சின் தலைக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் கிழிந்திருந்தால் பக்கத்துச் சிலிண்டரும் சேர்ந்து தளர்ந்திருக்கும். இங்கே ஒன்று மட்டும்தான்.

பிளக் ஓட்டை வழியாக ஒரு கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றிச் சுற்றினேன். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் இடைவெளியை அடைத்துப் பிடிமானம் வரும். வரவில்லை. இனி மிச்சம் வால்வு. செல்லப்பாண்டியை மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு, மண்ணில் மண்டியிட்டு சைலன்சர் குழாயில் காதை வைத்தேன். அவன் மூன்றாவதுக்கு வரும்போது உஸ்ஸென்று காற்று கசிந்தது. இன்னொருமுறை. அதே உஸ்.

நிமிர்ந்தால் பக்கத்து வீட்டு அக்கம்மாள் குடத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். "ஏன்டி, அது கிட்ட ரகசியமா பேசுற?" என்றாள். கேலி இல்லை. பயந்துபோய்க் கேட்டாள். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

சேலையெல்லாம் கரி. கன்னத்தில்கூட. கண்ணாடியில் பார்த்தபோது — அவக வேலை முடித்து வந்தால் இதே இடத்தில்தான் கரி இருக்கும். துடைக்க மனசு வரலை.

20 அக்டோபர்

எஞ்சின் தலையைத் திறந்தோம். மூன்றாவதின் புகை போகிற வால்வில் விளிம்பு கருகி, எலி கடித்ததுபோல் ஒரு துண்டு இல்லை. கீழே அதைத் தள்ளித் திறக்கும் டாப்பட்டுக்கும் வால்வுக்கும் இடைவெளியே கிடையாது. அதனால் வால்வு முழுசாக மூட முடியாமல், திறந்த வாயில் நெருப்பு போய்ப் போய் எரிந்திருக்கிறது. எத்தனை மாதமாக இப்படியோ. நாங்கள் சத்தம் கேட்டதே கடைசியில்தான்.

புது வால்வுக்கு எங்கே போவது? மதுரையிலேயே இல்லையாம். தேனியில் ஒரு ஷெட்டில் கவிழ்ந்துபோன வண்டியொன்று கிடக்கிறது, அதில் கழற்றிவருகிறேன் என்று செல்லப்பாண்டி பஸ் ஏறிவிட்டான்.

22 அக்டோபர்

வால்வு கிடைத்தது. தேய்க்கிற எமரி பசை தடவி, அது உட்காரும் வட்டத்தில் வைத்து, திருப்புளியை ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து மோர் கடைவதுபோல் இப்படியும் அப்படியும் உருட்டினேன். உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பென்சிலால் விளிம்பில் கோடுகள் போட்டு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எல்லாக் கோடும் அழிந்தது. அப்படியென்றால் எங்கேயும் இடைவெளி இல்லாமல் உட்காருகிறது. பழைய செம்புக் கேஸ்கெட்டை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்கினேன். டாப்பட்டில் போஸ்ட் கார்டு நுழையும் அளவு இடம் விட்டேன்.

மூடியாகிவிட்டது. நாளைக்கு ஓடவில்லையென்றால் என்னிடம் வேறு வழி இல்லை.

23 அக்டோபர்

ஹேண்டிலை முதல்முறை சுற்றியதிலேயே பிடித்துவிட்டது. நாலும் விழுகிறது! செல்லப்பாண்டி பானட்டைத் தட்டிக்கொடுத்தான். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

தேவதானப்பட்டிக்காரரோடு அவக அண்ணன், பெரியவர், வந்து நின்றிருந்தார். வந்தவருக்கு முகமெல்லாம் சந்தோஷம், செத்த எஞ்சினென்று வந்த இடத்தில் ஓடுகிற வண்டி. பெரியவர் அவரைக் கடைப்பக்கம் காப்பி குடிக்க அனுப்பிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. விற்க வேண்டாம் என்று நேராகவே சொன்னேன். இந்த வீட்டுக்கு வந்து இன்றைக்குத்தான் அவரோடு நேராகப் பேசுகிறேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தச் சத்தம் தெருவுல திரும்புறப்பல்லாம் அவன்தான் வந்துட்டான்னு எந்திரிச்சு வாசலுக்கு வாரேன் ஆத்தா. ஒவ்வொரு வாட்டியும் செல்லப்பாண்டிதான் எறங்குறான். என்னால முடியலை."

இத்தனை நாள் இவரைக் கல்மனசு என்று நினைத்திருந்தேனே.

"நானுந்தான் வாரேன்" என்றேன். "நீங்க வாசலுக்கு, நான் சன்னலுக்கு. இதையும் வித்துட்டா எந்திரிச்சு வர நமக்கு என்ன இருக்கு?"

துண்டால் முகத்தைத் துடைத்தார். வந்தவரிடம் போய் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். தை பற்றிப் பேசவில்லை.

25 அக்டோபர்

ஏலக்காய் எடுக்கும் வண்டியில் நானும் போனேன். சரியாக இருக்கிறதா என்று மலையேறும்போது கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். எந்த வளைவிலும் திணறவில்லை. குமுளியில் இறங்கியதும் பனிமூட்டம், எதிரே நிற்கிற ஆளே தெரியவில்லை.

அங்கன நின்னு அழுதேன். ஏன்? எல்லாம் சரியாயிருச்சே. இதைச் சரிபண்ணிட்டா அதுவும் சரியாயிரும்னு மனசுக்குள்ள எப்பவோ நெனச்சிருக்கேன்போல. வண்டி ஏறிருச்சு. அவக வரலை.

20 ஜனவரி 1945

தை பிறந்துவிட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர் வீட்டிலிருந்து கரும்பு வந்தது.

16 ஆகஸ்ட்

சண்டை முடிந்துவிட்டதாம். கடைத்தெருவில் வெடி போட்டார்கள். செல்லப்பாண்டி ஓடிவந்து சொன்னான். எனக்குச் சந்தோஷப்படப் பயமாக இருக்கிறது. இனிமேல்தானே நிஜம் தெரியும்.

28 அக்டோபர்

கூடலூருக்கு ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். போய்ப் பார்த்தேன். அவரும் சிங்கப்பூரில் இருந்தவர்தான். அவக பேரைச் சொல்லிக் கேட்டேன், சுருளி என்று யாரையும் தெரியாது என்றார். ஆயிரக்கணக்கில் இருந்தோம் தாயி என்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். இந்தக் கோலத்திலாவது வந்தால் போதும் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

18 நவம்பர்

வந்துட்டாக.

லாரியில் இல்லை, பஸ்ஸில். கடைத்தெருவில் இறங்கி நடந்தே வந்திருக்கிறாக. ஒரு சத்தமும் இல்லை. வாசலுக்கும் யாரும் வரவில்லை, சன்னலுக்கும் யாரும் வரவில்லை. நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். நிழல் விழுந்தது, நிமிர்ந்து பார்த்தேன்.

பெரியவர் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

29 நவம்பர்

பேச்சு ரெண்டு வார்த்தைக்கு மேல் இல்லை. சாப்பாட்டை யாரும் பார்க்காத பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுகிறாக. தூக்கம் கிடையாது. படுக்கச் சொன்னால் படுக்கிறாக, நான் கண்ணயர்ந்ததும் எழுந்து சுவரில் சாய்ந்துகொள்கிறாக. வண்டிச் சத்தம் கேட்டும் வெளியே வந்து பார்க்கவில்லை. வால்வு மாற்றியதைச் சொல்ல எத்தனையோ முறை வாயெடுத்தேன். சொல்லவில்லை.

பக்கத்துலதான் இருக்காக. இன்னும் எங்கேயோ இருந்து வந்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு.

6 டிசம்பர்

இன்று குமுளி லோடு. என்கூட வாரீகளா என்று கேட்டேன். மறுப்பாகவென்று நினைத்தேன். வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து எனக்கும் செல்லப்பாண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தாக.

கூடலூர் வரைக்கும் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தாக. மலை ஏறத் தொடங்கியதும் தலையை லேசாகச் சாய்த்தாக. எஞ்சினைக் கேட்கிறாகளா, சும்மாவா, தெரியவில்லை. மூன்றாவது வளைவு தாண்டினதும் கண் மூடிவிட்டது. தலை என் தோளில் இறங்கியது. மூச்சு நீளமாக வந்தது. தூக்கம், நிஜமான தூக்கம்.

குமுளியில் சரக்கேற்றும் இடத்தில் நிறுத்தி, செல்லப்பாண்டி எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினான். வேண்டாமென்று தலையசைத்தேன். அவன் புரிந்துகொண்டு கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கிப்போனான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவே மூட்டைகளை ஏற்றினார்கள். ரேஷன் பெட்ரோலை இப்படி வீணாக்குவதா என்று யாரோ வைதார்கள். என் கை மரத்துப்போயிற்று. அசையாமல் இருந்தேன்.